சட்டம் எண்ணாத செல்வம்: குடிசைக் கோழியின் வரலாறு

கல்விக் கழகமொன்றின் வெள்ளி விழா மலரில் கோழியைப் பற்றி ஒரு கட்டுரையா என நம் இளைஞர் சிலர் நகைக்கக் கூடும். நகைப்பதற்கு முன் தத்தம் பாட்டியாரிடம் ஒரு வினாவைக் கேட்டுப் பார்க்குமாறு அவர்களை வேண்டுகிறேன். நம் குடும்பத்தில் முதன்முதல் பள்ளிக்குச் சென்றவருக்குச் சிலேட்டும் பலப்பமும் வாங்கிய காசு எங்கிருந்து வந்தது? நிலத்திலிருந்து வந்திராது, நிலம் நமக்கு இல்லை. கூலியிலிருந்தும் வந்திராது; கூலி அன்றன்றைய கஞ்சிக்கே போதவில்லை. பல வீடுகளில் கிடைக்கும் விடை ஒன்றே: முட்டை விற்ற காசு, குஞ்சு விற்ற காசு, ஆட்டுக்குட்டி விற்ற காசு.

அரசர் ஆண்ட வரலாறும் அவர்தம் போர்களும் நூல்களில் நிறைய உள. குடிசை வாயிலில் கோழி வளர்த்தவர் வரலாற்றை எவரும் முறையாக எழுதவில்லை. ஆயினும், எவர் எந்த உயிரினத்தை உடைமையாகக் கொள்ளலாம் என்பதைச் சட்டங்கள் வகுத்திருக்கின்றன. அச்சட்டங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். ஒடுக்கியவர் எண்ணி எண்ணித் தடுத்த உடைமைகளின் பட்டியலில் கோழி இடம்பெறவில்லை. அது இரக்கத்தால் விடப்பட்டதன்று, அற்பமென்று விடப்பட்டது. அந்த அற்பத்தைப் பற்றிக்கொண்டே நம் அன்னையர் ஒரு தலைமுறையைக் கரையேற்றினர்.

காடு விட்டு வீடு வந்த பறவை

வீட்டுக் கோழியின் மூதாதை செந்நிறக் காட்டுக்கோழி. தென்கிழக்கு ஆசியக் காடுகளில் வாழ்ந்த அப்பறவை நெல்லும் தினையும் விளைந்த இடங்களை நாடி மனிதனை அண்டியது என்பது 2022இல் வெளிவந்த ஆய்வொன்றின் முடிவு. தாய்லாந்திலுள்ள பான் நான் வாட் என்னும் இடத்தில் கிடைத்த, கி.மு. 1650க்கும் 1250க்கும் இடைப்பட்ட எலும்புகளே வீட்டுக் கோழி என உறுதியாகச் சொல்லத்தக்கவற்றுள் மிகப் பழையவை என அவ்வாய்வு கூறும். மனிதன் கோழியைத் தேடிப் பிடித்தான் என்பதைவிட, சிந்திய தானியத்தைத் தேடிக் கோழி மனிதனிடம் வந்தது என்பதே பொருத்தமாகும்.

இவ்வரலாற்றில் நம் நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. வீட்டுக் கோழிகள் பலவற்றின் கால்களிலும் தோலிலும் காணும் மஞ்சள் நிறம் செந்நிறக் காட்டுக்கோழியிடமிருந்து வந்ததன்று. மேற்குத் தொடர்ச்சி மலை உள்ளிட்ட தென்னிந்தியக் காடுகளில் வாழும் சாம்பல் காட்டுக்கோழியின் கலப்பால் வந்தது என்பதை 2008இல் மரபணு ஆய்வு காட்டியது. உலகெங்கும் மேயும் மஞ்சட்கால் கோழிகளிடம் நம் மலைகளின் குருதி கலந்திருக்கிறது.

மேற்சேரிக் கோழியும் கீழ்ச்சேரிக் கோழியும்

பழந்தமிழகத்தில் கோழி இழிவான பறவையாகக் கருதப்படவில்லை. முருகனின் கொடியில் சேவல் நின்றது. சோழர் தலைநகராகிய உறையூருக்குக் கோழி என்றே ஒரு பெயர் இருந்தது. போரில் மாண்ட வீரனுக்கு நடுகல் எடுத்தது போலவே, சண்டையில் ஈடுபட்ட சேவலுக்கும் கல் எடுத்தனர். விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்தில் சேவலின் உருவம் பொறித்த நடுகல் ஒன்று உள்ளது. ஏறத்தாழ ஐந்தாம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் அக்கல்லின் எழுத்து, முகையூர் மேற்சேரிக்காகப் பொருத கோழியைக் குறிக்கிறது. பழைய செங்கற்பட்டு மாவட்டப் பகுதியிலுள்ள இந்தளூர்க் கல்லோ, கீழ்ச்சேரிக் கோழிக்கு உரியது. அதற்குப் பொற்கொற்றி என்னும் பெயரும் இருந்தது.

இங்கே இளைஞர்கள் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். அக்காலத்தில் சேரி என்ற சொல் மக்கள் சேர்ந்து வாழும் பகுதி என்றே பொதுவாகப் பொருள்பட்டது. அச்சொல்லில் இழிவு ஏதும் இல்லை. பின்னர், பதினோராம் நூற்றாண்டில் முதலாம் இராசராசனின் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் பறைச்சேரி, தீண்டாச்சேரி என்னும் சொற்கள் காணப்படுகின்றன. தன் சேவலுக்குக் கல் நட்டுப் பெருமை கொண்ட சேரி, தீண்டக் கூடாத சேரியாயிற்று. சொல் ஒன்றே, சமுதாயம் மாறிவிட்டது.

எவர் எதை வளர்க்கலாம்?

அம்மாற்றத்திற்குத் துணைநின்ற நூல்களுள் மனுதருமம் தலையாயது. அதன் பத்தாம் அத்தியாயம், சண்டாளர் ஊருக்கு வெளியே வாழ்தல் வேண்டும் என்றும், நாயும் கழுதையுமே அவர்களுடைய செல்வம் என்றும் விதிக்கிறது. எட்டாம் அத்தியாயமோ, மனைவி, மகன், அடிமை ஆகிய மூவருக்கும் சொந்த உடைமை இல்லை என்றும், அவர்கள் ஈட்டுவது அவர்களை உடையவனைச் சாரும் என்றும் கூறுகிறது. ஐந்தாம் அத்தியாயத்தில் ஊர்க்கோழியும் ஊர்ப்பன்றியும் இருபிறப்பாளர் உண்ணத் தகாதவை என விலக்கப்பட்டன. மனிதரைத் தரம் பிரித்த கை விலங்குகளையும் தரம் பிரித்தது. அண்ணல் அம்பேத்கர் 1927 டிசம்பர் 25ஆம் நாள் மகத் நகரில் அந்நூலைத் தீயிலிட்டது வெறும் சினத்தால் அன்று. ஒருவன் எதை உடைமையாகக் கொள்ளலாம் என்பதைப் பிறப்பைக் கொண்டு வரையறுத்த விதியையே அவர் எரித்தார்.

மனுவின் காலம் பழங்காலம் எனச் சிலர் சொல்லக்கூடும். நம் இராமநாதபுரம் மாவட்டத்தில் 1930, 1931 ஆகிய ஆண்டுகளில் நடந்ததை அவர்கள் அறிதல் வேண்டும். ஆதிதிராவிடர் மீதும் தேவேந்திரகுல வேளாளர் மீதும் ஆதிக்கச் சாதியினர் சுமத்திய தடைகளை ஜே. எச். ஹட்டன் 1946இல் வெளியிட்ட தம் நூலில் பதிவு செய்துள்ளார். 1930 டிசம்பரில் எட்டுத் தடைகள்; 1931 சூனில் பதினொன்று. பொன் நகை கூடாது. பித்தளைக் குடம் கூடாது. நிலத்தை வாரத்திற்கோ குத்தகைக்கோ பயிரிடக் கூடாது. சொந்த நிலத்தை மிராசுதாரருக்கே மலிவு விலைக்கு விற்றுவிட வேண்டும். திருமணத்தில் மேளம் கூடாது, குதிரை கூடாது. இவற்றினிடையே இரண்டு தடைகள் அடுத்தடுத்து நிற்கின்றன. பிள்ளைகள் எழுத்தறிவு பெறக் கூடாது என்பது ஒன்று. அவர்கள் மிராசுதாரரின் மாடுகளை மட்டுமே மேய்க்க வேண்டும் என்பது மற்றொன்று.

இவ்விரண்டும் அடுத்தடுத்து நிற்பது தற்செயலன்று. பிறன் மாட்டின் பின்னே நாள் முழுதும் நடக்கும் சிறுவன் பள்ளிக்குச் செல்ல இயலாது. ஆகவே மாடு மேய்த்தலும் கல்லாமையும் ஒரே கயிற்றின் இரு முனைகளாயின. பதினொரு தடைகளில் உடை, குடம், நிலம், கூலி, இசை, குதிரை என எல்லாம் எண்ணப்பட்டன. கோழி எண்ணப்படவில்லை.

கடலுக்கு அப்பாலும் இதே கதை

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய கதையன்று. ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துச் செல்லப்பட்டு அமெரிக்கப் பண்ணைகளில் அடிமைகளாக்கப்பட்ட கறுப்பின மக்களின் வரலாற்றை இதனோடு ஒப்பிட்டுக் காண்போம். 1692இல் வர்ஜீனியா இயற்றிய சட்டம், அடிமைகள் தமக்கென அடையாளமிட்டு வளர்த்த குதிரை, மாடு, பன்றி ஆகியவற்றை எசமானருக்கே உரியவையாக்கியது. 1739இல் தென் கரோலினாவில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். அதற்கு மறு ஆண்டில் அங்கு இயற்றப்பட்ட சட்டம், அடிமைகள் படகு வைத்திருத்தலையும், குதிரை, மாடு, செம்மறியாடு, பன்றி வளர்த்தலையும் தடுத்தது. எழுதக் கற்பிப்பவருக்குத் தண்டமும் விதித்தது. கால்நடையையும் எழுத்தையும் ஒரே சட்டத்தில் தடுத்த அச்செயலை இராமநாதபுரத்துத் தடைகளோடு வைத்துப் பாருங்கள். இடையே இரு நூற்றாண்டும் ஒரு பெருங்கடலும் உள, எண்ணமோ ஒன்றே.

அங்கும் கோழி பட்டியலில் இல்லை. அமெரிக்காவின் முதற் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டனின் மவுண்ட் வெர்னான் பண்ணைக்கு 1798இல் சென்ற நியம்செவிச் என்னும் போலந்து எழுத்தாளர், அடிமைகளின் குடிசையருகே சிறு காய்கறித் தோட்டத்தையும், குஞ்சுகளோடு திரிந்த ஐந்தாறு பெட்டைக் கோழிகளையும் கண்டார். வாத்து, பெருவாத்து, பன்றி ஆகியவற்றை வளர்க்க அவர்களுக்கு இசைவில்லை. கோழிகளை அலெக்சாண்டிரியா நகரில் விற்றுச் சிறு தேவைகளை நிறைவு செய்துகொண்டனர் என அவர் குறித்தார். மற்றொரு தலைவராகிய தாமஸ் ஜெபர்சன் வீட்டில் 1805 முதல் 1808 வரை அவருடைய பேத்தி எழுதிய கணக்கேட்டில், அடிமைகளிடமிருந்து கோழியும் முட்டையும் விலைக்கு வாங்கிய குறிப்புகள் உள. சட்டப்படி தம் உடலே தமக்குச் சொந்தமில்லாத மக்கள், தம்மை உடையவனுக்கே முட்டை விற்றுக் காசு பெற்றனர்.

விடுதலைக்குப் பின்னர், வர்ஜீனியாவின் கார்டன்ஸ்வில் தொடர்வண்டி நிலையத்தில் கறுப்பினப் பெண்கள் பொரித்த கோழியைத் தட்டில் ஏந்திப் பயணிகளுக்கு விற்றனர். கோழிக்கால் விற்ற பணத்தில் வீடு எழுப்பிய அன்னையரின் வரலாற்றைச் சைக்கி வில்லியம்ஸ் போர்சன் என்னும் கறுப்பினப் பெண் அறிஞர் 2006இல் நூலாக வெளியிட்டார். நம் அன்னையரின் வரலாற்றை நம்முள் எவர் எழுதுவது?

அடையும் பஞ்சாரமும்

கோழி மட்டும் ஏன் இவ்வாறு எளியோரின் உடைமையாயிற்று? பசுவுக்கு வைக்கோல் வேண்டும். வைக்கோலுக்கு வயல் வேண்டும். வெள்ளாடு ஐந்து திங்களில் ஈனும். பெரும்பாலும் இரு குட்டிகள் தரும். ஆயினும் அதற்கு மேய்ச்சலிடம் வேண்டும். 1882ஆம் ஆண்டுச் சென்னை வனச் சட்டத்தின் பின், ஒதுக்கப்பட்ட காட்டில் இசைவின்றி ஆடு மாடு மேய்த்தல் குற்றமாயிற்று. வாத்துக்கு நீர்நிலையும் அறுவடை முடிந்த வயலும் வேண்டும். பன்றி வளர்த்தவரோ அதன் பொருட்டே மேலும் இழிக்கப்பட்டனர். கோழி ஒன்றே முற்றத்தில் சிந்திய நொய்யையும், குப்பையிலுள்ள புழுவையும் கிளறித் தின்று, இரவில் கூரையடியில் ஒடுங்கியது.

இவ்வளர்ப்பு அறிவில்லாதார் தொழிலன்று. நம் பெண்கள் எந்தப் பள்ளியிலும் பயிலாமல் கற்றுத் தேர்ந்த ஓர் அறிவுத்துறை அது. நாட்டுப் பெட்டை பத்து முதல் பதினைந்து முட்டை இட்டதும் அடை கொள்ளும். உடல் சூடேறும், இறகைச் சிலிர்க்கும், கூட்டை விட்டு எழ மறுக்கும். பெண்கள் பழைய கூடையிலோ அகன்ற மண்சட்டியிலோ மணலும் வைக்கோலும் பரப்பி, கோழியின் சிறகுக்குள் அடங்குமளவு பத்துப் பன்னிரண்டு முட்டைகளை வைப்பர். நாட்பட்ட முட்டையை ஒதுக்குவர். ஒரு வாரம் கழிந்ததும் முட்டையை விளக்கொளியில் பிடித்துப் பார்த்து, உள்ளே குருதி நரம்பு ஓடாத கூமுட்டையை அகற்றுவர். இடி இடித்தால் கரு கெடும் என்று கருதிக் கரித்துண்டும் இரும்பும் வைப்பது அவர்தம் நம்பிக்கை. முட்டையைக் கோழி நாடோறும் பன்முறை புரட்டும் என்பது அவர்கள் கண்ணாரக் கண்ட உண்மை. இருபத்தொன்றாம் நாள் குஞ்சுகள் ஓட்டைக் கொத்தி வெளிவரும்.

வாத்து முட்டைகளையும் கோழிக்கே அடை வைப்பதுண்டு. அவற்றிற்கு இருபத்தெட்டு நாள் ஆகும். பொரித்த வாத்துக் குஞ்சுகள் நீரைக் கண்டதும் இறங்கிவிட, வளர்த்த தாய்க்கோழி கரையில் நின்று கதறும் காட்சியைச் சிற்றூரில் வளர்ந்தவர் மறந்திரார்.

பொரித்த குஞ்சுகளைக் காப்பது அதனினும் அரிது. வானில் பருந்து, கூரையில் காகம், வேலியில் கீரி. ஆதலின் பஞ்சாரத்தைக் கவிழ்த்துத் தாயையும் குஞ்சுகளையும் அடைத்து வைப்பர். பழம்பானையில் சாணமும் மக்கிய ஓலையும் இட்டு ஈர நிலத்தில் கவிழ்த்தால் மறுநாள் கறையான் ஏறியிருக்கும். அதுவே குஞ்சுகளுக்கு முதல் ஊட்டம். பணம் இல்லாதவள் அடுத்த வீட்டுப் பெட்டையை வாரத்திற்கு வாங்கி வளர்த்துக் குஞ்சுகளில் பாதியைத் திருப்பிக் கொடுப்பாள். வங்கி நம் தெருவுக்கு வருமுன்னரே நம் பெண்கள் முதலும் வட்டியும் உயிருள்ள வடிவில் கணக்கிட்டு வாழ்ந்தனர்.

அவர்கள் வெல்ல முடியாத பகை ஒன்று இருந்தது. அது வெள்ளைக்கழிச்சல். இமயமலைப் பகுதியிலுள்ள இராணிக்கேத் என்னும் ஊரில் 1920களின் பிற்பகுதியில் கண்டறியப்பட்டமையால் நம் நாட்டில் அந்நோய் அவ்வூரின் பெயராலும் வழங்குகிறது. கோடையில் அது புகுந்தால் ஒரு தெருவின் சேமிப்பெல்லாம் ஒரே வாரத்தில் அழியும். 1940களில் முக்தேசுவர் ஆராய்ச்சி நிலையத்தில் தடுப்பு மருந்து உருவாயிற்று. ஆயினும், மருந்து உள்ளதென அறிவதற்கும் அதைக் கேட்டுப் பெறுவதற்கும் எழுத்தறிவு தேவைப்பட்டது. கல்லாமை கோழியையும் கொன்றது.

மனை இல்லாதவன் கோழி

சொந்த நினைவு ஒன்றை இங்கே எழுதுவதைப் பொறுத்தருள்க. 1960களின் நடுவில் ஒருநாள், எங்கள் தாய்க்கோழி பண்ணைக் களத்தில் உலர்ந்த நெல்லைக் கொத்திற்றென்று அடித்துக் கொல்லப்பட்டது. பதினொரு குஞ்சுகள் முற்றத்தில் கத்திக் கொண்டிருந்தன. என் அன்னையார் களத்திற்குச் சென்றார். செத்த கோழியை எடுத்துக் கொண்டார். ஒரு சொல்லும் கேளாமல் திரும்பினார். ஏன் கேட்கவில்லை என்று நான் அழுதபோது, ‘கேட்டா குடிசையப் பிரிக்கச் சொல்வாங்கடா’ என்றார். அந்தக் குஞ்சுகள்தாம் எனக்கு அவ்வாண்டுச் சட்டையாக வேண்டியவை.

அன்னையாரின் அந்த ஒரு சொற்றொடரில் நம் வரலாறு அடங்கியிருக்கிறது. குடிசை நம்முடையது, குடிசை நின்ற மண் பிறனுடையது. செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் அரசுக்கு அளித்த அறிக்கையில், தாழ்த்தப்பட்டோரின் வறுமைக்கு அடிப்படை நிலமின்மையும் மனையுரிமை இன்மையும் என்பதை எடுத்துரைத்தார். அதன் பயனாக 1892இல் நம் மக்களுக்கு நிலம் ஒதுக்க ஆணை பிறந்தது. பஞ்சமி நிலம் என நாம் வழங்குவது அதுவே. 1894இல் கர்னல் ஆல்காட் அடையாற்றை அடுத்த ஊரூரில் நம் பிள்ளைகளுக்கென இலவசப் பள்ளி தொடங்கினார். 1920 முதல் லேபர் கமிஷனரின் பொறுப்பில் மனையிடம் பெற்றுத் தரும் பணியும் பள்ளிகள் நிறுவும் பணியும் நடந்தன; ‘லேபர் பள்ளிக்கூடம்’ என முதியோர் சொல்வது அப்பள்ளிகளைத்தான். பின்னர் 1971இல் தமிழ்நாடு அரசு இயற்றிய குடியிருப்புச் சட்டம், பிறர் நிலத்தில் குடியிருந்த வேளாண் தொழிலாளருக்கு அம்மனையையே உரிமையாக்கியது. சட்டம் வந்த நாளிலேயே எல்லாருக்கும் பட்டா வந்துவிடவில்லை. கிடைத்த இடத்தில் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. கோழி செத்தால் ஏன் என்று கேட்க ஒரு பெண்ணுக்கு வாய் வந்தது.

கோழி நமக்கு விடுதலை தந்தது என நான் சொல்ல வரவில்லை. கோழி காசு தந்தது. மனை அக்காசுக்குக் காவல் தந்தது. கல்வி அக்காசை உரிமையாக மாற்றிற்று. இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் ஏனைய இரண்டும் நில்லா.

இன்றைய கடமை

1960களுக்குப் பின் கோழி வளர்ப்பு பெருந்தொழிலாயிற்று. நாமக்கல் முட்டைக்குப் பெயர் பெற்றது. மின்பொறி அடைகாத்தது, முட்டை மட்டுமே இடும் இனங்களிடம் அடை கொள்ளும் இயல்பே மங்கியது. அத்தொழிலுக்கு நிலமும் முதலும் வேண்டும். அவை இல்லாத நம் பெண்கள் அதில் உரிமையாளராக நுழைதல் அரிதாயிற்று. இருப்பினும் முற்றத்துக் கோழி அழிந்துவிடவில்லை. 2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டிலிருந்த ஏறத்தாழ 85 கோடிக் கோழியினங்களில் 31 கோடிக்கு மேற்பட்டவை வீட்டுப்புறத்தில் வளர்ந்தவை. 2012ஆம் ஆண்டுக் கணக்கினும் இது ஏறத்தாழ 46 விழுக்காடு மிகுதி. 2011இல் தமிழ்நாடு அரசு ஏழைப் பெண்களுக்கு நான்கு ஆடுகள் வழங்கும் திட்டத்தைத் தொடங்கியபோது, நம் பாட்டியர் நெடுங்காலமாக அறிந்த பொருளியலையே அரசும் ஏற்றுக்கொண்டது எனலாம்.

நம் இளைஞர்களுக்கு மூன்று வேண்டுகோள்கள். முதலாவது, உங்கள் வீட்டு மனையின் பட்டா எவர் பெயரில் உள்ளது என்பதை இவ்வாரமே எடுத்துப் பாருங்கள். இல்லையேல் பெற முயலுங்கள். இரண்டாவது, கோழியும் ஆடும் வளர்க்கும் தாயார் வீட்டிலிருப்பின், தடுப்பூசி போடும் நாளைக் கேட்டறிந்து சொல்லுங்கள். நீங்கள் கற்ற கல்வி முதலில் அங்கே பயன்படட்டும். மூன்றாவது, முதியோர் நினைவுகளை எழுதி வையுங்கள். எத்தனை முட்டைக்கு என்ன விலை கிடைத்தது, அக்காசு எதற்குச் செலவாயிற்று, எவருடைய கோழியை எவர் அடித்தார் என்பனவெல்லாம் வரலாறே. நம் கழகத்தின் நூலகத்தில் இதற்கென ஓர் ஏடு திறக்கப்படுதல் நன்று.

படித்துப் பதவி பெற்ற நம்மவர் சிலர், வீட்டு முற்றத்தில் கோழி நின்றால் விருந்தினர் முன் நாணுகின்றனர். நாணுதற்கு அதில் ஒன்றுமில்லை. நம் பிள்ளை எழுதக் கூடாது, பிறன் மாட்டையே மேய்க்க வேண்டும் என்று விதித்தவர்களே நாணத்தக்கவர்கள். அவ்விதியைப் பஞ்சாரத்தின் அடியில் வைத்துக் கவிழ்த்தவர்கள் நம் அன்னையர். அவர்தம் பெயர்களை நாமேனும் எழுதி வைப்போமாக.